ஓநாய்களும் ஒரு நின்றுபோன அரங்கேற்றமும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாள் ஆச்சு. தீசிஸ், பகுதிநேர வேலை, குளிர்னு வழக்கமான சாக்கு எல்லாம் கைவசம் இருக்கு. அதைச் சொல்லி உங்களைப் படுத்தப் போறதில்லை. இன்னைக்கு ஒரு பாண்ட் பத்தி எழுதணும். மெட்டல் பிடிக்காதவங்க உடனே ஜன்னலை மூடிடாதீங்க. எனக்கும் பெருசா பிடிக்காது. பாதிப் பதிவு மெட்டலே இல்லாத விஷயம்தான்.

நான் இருக்கிறது எல்லிங்ஸ்ருட். ஆஸ்லோவோட கிழக்கு ஓரம். மெட்ரோ ரெண்டாம் நம்பர் லைன்ல கடைசி ஸ்டேஷன் எல்லிங்ஸ்ருடோசன். 1981ல திறந்தது, பாறையைக் குடைஞ்சு மலைக்குள்ளேயே கட்டியிருக்காங்க. காலையில மலைக்குள்ள இறங்கி ரயில் ஏறணும், ராத்திரி மலைக்குள்ள இருந்து ஏறி வெளியே வரணும். வெளியே வந்தா வரிசையா அடுக்குமாடி. அதுக்குப் பின்னாடி ஓஸ்ட்மார்க்கா காடு ஆரம்பிச்சுடும். கோவில்பட்டிக்காரனுக்கு இவ்வளவு மரத்தை ஒரே இடத்துல பார்த்துப் பழக ஒரு வருஷம் ஆச்சு. 2010களில் இந்தக் காட்டுல ஓநாய்க் குடும்பம் ஒண்ணு தங்கிக் குட்டி போட்டிருக்குன்னு சொன்னாங்க. நாய் குரைச்சாலே ஓடுற ஆள் நான்...

வாடகைக்கு இருக்கிறது ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தோட வீட்டுல, ஒரு ரூம். அண்ணை 80களோட கடைசியில வந்தவர். அக்கா பிறகு வந்தவங்க. ரெண்டு பிள்ளைங்க, பெரிய பொண்ணுக்குப் பதினேழு. ஆறு வயசுல இருந்து வயலின், கர்நாடக சங்கீதம். அடுத்த வருஷம் அரங்கேற்றம்னு பேச்சு. புலம்பெயர்ந்த வீடுகள்ல அரங்கேற்றம்னா என்னன்னு நம்ம ஊர் ஆளுங்களுக்குச் சொல்லணும். அது கச்சேரி மட்டுமில்லை, பாதிக் கல்யாணம். மண்டபம், அழைப்பிதழ், பக்கவாத்தியத்துக்கு ஊர்ல இருந்தோ லண்டன்ல இருந்தோ வர்ற ஆள், சாப்பாடு, வீடியோ எல்லாம் உண்டு.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு வயலினை விடுறேன்னு சொல்லிட்டா. லேப்டாப், ஒரு குட்டி கீபோர்டு, ஹெட்போன். அதுல அவளே இசை செய்யப் போறாளாம்.

வீட்டுல மூணு நாள் யாரும் யார்கூடவும் பேசலை. நாலாவது நாள் அண்ணை சமையலறையில என்னைப் பிடிச்சுக்கிட்டார். "தம்பி, பதினொரு வருசம். கிழமைக்கு ரெண்டு நாள் காரில கொண்டுபோய் விட்டுட்டு, குளிருக்க வெளியில நிண்டனான். இப்ப வேண்டாமாம். எல்லாம் வீணாப் போச்சு. ரூஸ் பஸ்ஸில போடுற இரைச்சலைத்தான் செய்யப் போறாள் போல." (ரூஸ்னா இங்கே பிளஸ் டூ முடிக்கிற பசங்க. மே மாசம் சிவப்பு ஓவரால் போட்டுக்கிட்டு, பஸ் வாடகைக்கு எடுத்து, காது கிழியப் பாட்டுப் போட்டுச் சுத்துவாங்க. தங்களுக்குன்னே காசு கொடுத்துப் பாட்டு செஞ்சு வாங்குவாங்க. ஒரு இரவு கேட்டா நீங்களும் அண்ணை கட்சிதான்.)

நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. வாடகைக்கு இருக்கிறவன் வாயைத் திறக்கக்கூடாதுங்கிற அடிப்படை அறிவு இருக்கு. ஆனா அந்த "எல்லாம் வீணாப் போச்சு" மட்டும் மண்டையில நின்னுடுச்சு. ஏன்னா அந்த நேரத்துல நான் ரயில்ல திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டிருந்தது, இந்த ஊர்லயே இதே பேச்சை முப்பது வருஷமா வாங்கிக்கிட்டிருக்கிற ஒரு குழுவை.

பேரு உல்வர். நார்வீஜிய மொழியில ஓநாய்கள்னு அர்த்தம். 1993ல ஆஸ்லோவில ஆரம்பிச்சாங்க. பாடகர் கிறிஸ்டோஃபர் ரிக், அப்போ கார்ம்ங்கிற புனைபெயர்ல இருந்தவர், அவருக்கே அப்போ பதினேழு வயசுதான். அந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. 1992ல பெர்கன் பக்கம் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அதே வருஷம் இங்கே ஆஸ்லோவிலேயே ஹோல்மென்கோலன் தேவாலயம் எரிஞ்சது. 1993 ஆகஸ்ட்ல மேஹெம் குழுவோட கிதார் கலைஞர் யூரோனிமஸ் ஆஸ்லோவில கொலை செய்யப்பட்டார். கொன்னவரும் அதே வட்டத்து இசைக்கலைஞர். பிளாக் மெட்டல்னு உலகம் முழுக்கப் பேர் பரவினதுக்கு இசை பாதிக் காரணம், இந்தச் செய்திகள் பாதிக் காரணம். இந்தப் புகைக்கு நடுவுலதான் உல்வர் பள்ளிக்கூட வயசுப் பசங்களா கிதாரைத் தூக்கினாங்க.

பிளாக் மெட்டல் கேட்டதே இல்லாதவங்களுக்கு: டிரம்ஸ் மழை மாதிரி நிக்காம அடிக்கும். கிதார் ஒரே தந்தியை வேகமா மீட்டி மீட்டிப் புகை மாதிரி ஒரு சத்தத்தை எழுப்பும். பாடகர் பாட மாட்டார், கிறீச்சிடுவார். ரெக்கார்டிங் வேணும்னே மட்டமா இருக்கும். முதல் தடவை அக்கா இதைக் கேட்டுட்டு, "என்ன தம்பி, மிக்ஸி பழுதாப் போச்சே?"ன்னு கேட்டாங்க.

1995ல முதல் ஆல்பம் வந்தது, பெர்க்தாத். மலையால் பிடிக்கப்பட்டவர்னு பொருள். நார்வே நாட்டுப்புறக் கதைகள்ல இது ஒரு பழைய பயம். காட்டுப் பக்கம் தனியா போற பொண்ணை மலைக்குள்ள இருக்கிற பூதங்கள் மயக்கி உள்ளே இழுத்துக்கும், திரும்ப வந்தாலும் பழைய ஆளா வராதுன்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல முனி பிடிச்சதுன்னு சொல்ற மாதிரி. அந்தக் கதையை அஞ்சு அத்தியாயமா, பழைய நடையில எழுதிப் பாடியிருக்காங்க. மொத்தமே முக்கால் மணி நேரத்துக்கும் கீழ. எங்க ஸ்டேஷன்ல ஆரம்பிச்சா யூனிவர்சிட்டி ஸ்டேஷன் பிளின்டர்ன் வர்றதுக்குள்ள ஏறக்குறைய முடிஞ்சுடும். நானும் தினம் மலைக்குள்ள போய்த்தானே ரயில் ஏறுறேன்... சரி, அந்தப் பொருத்தம்தான் முதல்ல என்னை இழுத்ததுன்னு ஒத்துக்கறேன்.

ஆனா அந்த முதல் ஆல்பத்துலேயே ஒரு விஷயம் உறுத்தும். கிறீச்சிடலுக்கு நடுவுல திடீர்னு தேவாலயக் கூட்டுப்பாடல் மாதிரி அமைதியா, அடுக்கடுக்கா குரல் வரும். புல்லாங்குழல் வரும். ஓரிடத்துல பியானோ மட்டும் இருக்கும், கூட யாரோ காட்டுல மூச்சிரைக்க ஓடுற சத்தம். இந்தப் பசங்களுக்கு மெட்டல் ஒரு வாகனம்தான், போக வேண்டிய ஊர் வேறன்னு எனக்கு அங்கேயே தோணுச்சு. (இப்போ பின்னாடி திரும்பிப் பார்த்துச் சொல்றது சுலபம். 1995ல கேட்டிருந்தா நானும் மிக்ஸின்னுதான் சொல்லியிருப்பேன்.)

1996ல ரெண்டாவது ஆல்பம், க்வெல்ட்சாங்கர், மாலைப் பாடல்கள். மெட்டல் சுத்தமா காணோம். அக்கூஸ்டிக் கிதார், செல்லோ, ஒரே ஆளோட குரலை மேல மேல அடுக்கிச் செஞ்ச கோரஸ், அவ்வளவுதான். 1997ல மூணாவது, நாட்டென்ஸ் மாட்ரிகால். இந்தத் தடவை பெரிய மெட்டல் கம்பெனியான செஞ்சுரி மீடியாவோட. பணம் வந்துடுச்சு, இனி பளபளன்னு செய்வாங்கன்னு எல்லாரும் நினைச்சா, வந்தது அதுவரைக்கும் வந்ததிலேயே கரடுமுரடான ஆல்பம். ஓநாயா மாறுற மனுஷனைப் பத்தி எட்டுப் பாட்டு. ரேடியோ அலைவரிசை சரியா பிடிக்காத மாதிரி ஒரு சத்தம். கம்பெனி கொடுத்த காசுல கோட்டு சூட்டும் காரும் வாங்கிட்டு, காட்டுக்குள்ள போய் ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்துட்டாங்கன்னு ஒரு வதந்தி இன்னைக்கும் உலாத்துது. வதந்திதான். ஆனா அந்த ஆல்பத்தைக் கேட்டா வதந்தி ஏன் நம்பப்பட்டதுன்னு புரியும்.

இந்த இடத்துல ஒரு சராசரி குழு என்ன செய்யும்? கையில ஒப்பந்தம் இருக்கு, பேர் இருக்கு, நார்வே பிளாக் மெட்டலுக்கு உலகம் முழுக்க கிராக்கி. அதையே இன்னும் பத்து வருஷம் செய்யலாம். செஞ்சவங்க இருக்காங்க, தப்பும் இல்லை.

இவங்க 1998ல வில்லியம் பிளேக்கோட 'சொர்க்கமும் நரகமும் மணம் முடித்தல்' நூலை வரி விடாம எடுத்து, எலக்ட்ரானிக் தாளம், இயந்திரச் சத்தம், பேச்சு, கிதார்னு கலந்து ரெண்டு சிடி போட்டாங்க. டோரே இல்விசாக்கர்னு ஒருத்தர் அப்போதான் குழுவுக்குள்ள வந்திருந்தார். ஸ்டுடியோவையே வாத்தியமா வாசிக்கிற ஆள். வெளியிடுறதுக்கு ஜெஸ்டர் ரெக்கார்ட்ஸ்னு சொந்தமா ஒரு லேபிளையும் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் வந்த மெட்டமார்ஃபஸிஸ் குறுந்தட்டோட உறையில, நாங்க பிளாக் மெட்டல் குழு இல்லை, அந்த முத்திரையை எங்க மேல குத்தாதீங்க, பழைய தட்டுகள் படிக்கட்டு மட்டும்தான், போய்ச் சேர்ந்த இடமில்லைங்கிற பொருள்ல ஒரு அறிவிப்பே போட்டுட்டாங்க.

2000ல பெர்டிஷன் சிட்டி. காட்டை விட்டு நகரத்துக்கு வந்துட்டாங்க. ராத்திரி ரெண்டு மணி, மழை, காலி ரோடு, யாரோ ஒருத்தர் வீட்டு ஜன்னல்ல வெளிச்சம்... அந்த மாதிரி இசை. சாக்ஸபோன், மெல்லிய டிரம்ஸ், கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற கொரகொரப்பு. அதே வருஷம்தான் ரேடியோஹெட் 'கிட் ஏ' போட்டு கிதாரை ஓரமா வச்சது. அதைப் பத்தி உலகமே எழுதுச்சு. இதைப் பத்தி எழுதினவங்க குறைவு. எனக்கு இது மேல்.

இப்போ என் கட்சியைச் சொல்லிடறேன். குழு மாறிடுச்சு, துரோகம் பண்ணிடுச்சுன்னு கத்துறவங்க ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கறாங்க. காசு இருக்கிற பக்கம் தாவுறது ஒண்ணு. காசும் கைத்தட்டலும் இருக்கிற இடத்தை விட்டு எழுந்து போறது இன்னொண்ணு. வெளியில இருந்து பார்க்க ரெண்டும் மாற்றம் மாதிரிதான் தெரியும். உல்வர் ஒவ்வொரு தடவையும் சேர்த்து வச்ச ரசிகர்களை வாசல்லயே விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்த நஷ்டத்தை அவங்களே கட்டியிருக்காங்க. 1966ல மான்செஸ்டர்ல பாப் டிலான் எலக்ட்ரிக் கிதாரோட நின்னப்போ கூட்டத்துல ஒருத்தர் 'யூதாஸ்'னு கத்தினார் இல்லையா, அது ஒரு ராத்திரி. இவங்களுக்கு ஆல்பத்துக்கு ஒரு யூதாஸ்.

அப்போ எது மாறலை? நான் ஒரு மாசம் வரிசையா கேட்டுப் பார்த்ததுல ரெண்டு விஷயம் பிடிபட்டது. ஒண்ணு, அந்தக் குரலை அடுக்குற பழக்கம். 1996ல காட்டுக் கோரஸுக்காகக் கத்துக்கிட்டது, 2007ல வந்த ஷாடோஸ் ஆஃப் தி சன் முழுக்க இருக்கு. கிசுகிசுக்கிற மாதிரி பாடுவார், ஆனா பின்னாடி அதே குரல் நாலஞ்சு அடுக்கா நிக்கும். அந்த ஆல்பத்துல பிளாக் சபாத்தோட பழைய பாட்டு ஒண்ணையும் எடுத்து மெட்டலோட நிழல்கூட இல்லாம பாடியிருக்கார். ரெண்டாவது, கதை. மலை இழுத்துக்கிட்ட ஆள். பெர்க்தாத்ல அது காடு. பெர்டிஷன் சிட்டியில அது ராத்திரி நகரம். 2017ல வந்த தி அஸாஸினேஷன் ஆஃப் ஜூலியஸ் சீஸர்ல அது புகழ். பழைய ரோம்ல டயானா தேவதைக்கு நடந்த திருவிழாவையும், 1997ல பாரிஸ் சுரங்கப்பாதை விபத்தால செத்துப்போன இளவரசி டயானாவையும் ஒரே பாட்டுல முடிச்சுப் போட்டிருப்பாங்க. இசை என்னன்னு கேக்கறீங்களா? எண்பதுகள் சிந்த்-பாப்! காலை ஆட்ட வைக்கும். நம்ம ஊர் டிஸ்கோ காலத்து ஆளுங்க கேட்டாக்கூட சந்தோஷப்படுவாங்க. பிளாக் மெட்டல் பசங்க போன பிறகு வந்து சேர்ந்த எலக்ட்ரானிக் ரசிகர்கள் இருக்காங்களே, இந்தத் தடவை திட்டினது அவங்க முறை. அது எனக்கு ரொம்பச் சிரிப்பா இருந்தது.

எல்லாமே அருமைன்னு சொல்ல வரலை. பிளேக் ஆல்பத்தை ஒரே மூச்சுல கேட்டு முடிச்ச ஆள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து கையைத் தூக்குங்க. நான் மூணு தடவை முயற்சி பண்ணேன், ரெண்டு தடவை தூங்கிட்டேன். 2011ல வந்த வார்ஸ் ஆஃப் தி ரோஸஸ், என்ன செய்யறதுன்னு தெரியாம நின்ன ஆல்பம். கடைசியில கால் மணி நேரம் கவிதை வாசிப்பாங்க. 2012ல அறுபதுகளோட சைகடெலிக் பாட்டுகளை எடுத்துப் பாடினது ஜாலியா இருக்கும், அதுக்கு மேல ஒண்ணுமில்லை. மாறிக்கிட்டே இருக்கிறவன் அடிக்கடி தடுக்கி விழத்தான் செய்வான்.

இன்னொண்ணு. இவங்க மேடை ஏறவே மாட்டேன்னு பதினஞ்சு வருஷம் இருந்தாங்க. 2009 மே மாசம் லில்லஹாமர்ல நடந்த இலக்கிய விழாவுலதான் திரும்பவும் மேடை. மெட்டல் விழா இல்லைங்க, இலக்கிய விழா! அடுத்த வருஷம் ஜூலை 31ம் தேதி, ஆஸ்லோ ஓப்பரா ஹவுஸ்ல கச்சேரி. 2008ல திறந்த கட்டடம், கூரை மேல நடந்து ஏறலாம்னு டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுப்பாங்களே, அதேதான். 1993ல இந்த ஊர் போலீஸும் பேப்பரும் பயந்து பார்த்த ஒரு கூட்டத்துல இருந்து கிளம்பின பசங்க, பதினேழு வருஷத்துல அரசாங்க ஓப்பரா மேடைக்கு வந்துட்டாங்க. பிறகு ட்ரோம்ஸோ சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவோட மெஸ்ஸேன்னு ஒரு ஆல்பம், 2013ல. மெஸ்ஸேன்னா திருப்பலிப் பூசை. தேவாலயம் எரிஞ்ச காலத்துல கிளம்பினவங்க பூசைக்கு வந்து நின்ன கதையைப் பத்தி யாராவது தனியா எழுதணும்.

சரி, நம்ம பக்கம் வருவோம். இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் ராஜா ரசிகர்கள்னு எனக்குத் தெரியும். நானும்தான். நம்மள்ல எத்தனை பேர் "எய்ட்டீஸ் ராஜா மாதிரி வராது"ன்னு சொல்லியிருக்கோம்? நானே இதே பிளாக்ல சொல்லியிருக்கேன், தேடாதீங்க. அந்த எய்ட்டீஸ்க்குள்ளேயே போய்ப் பாருங்க. 1976ல அன்னக்கிளியில கிராமத்து மெட்டோட வந்த மனுஷர். 1986ல ஒரே வருஷத்துல, புன்னகை மன்னன்ல கம்ப்யூட்டரை வச்சு இசை செஞ்சார், இன்னொரு பக்கம் 'ஹவ் டு நேம் இட்' தட்டுல பாக்கையும் தியாகராஜரையும் ஒரே பந்தியில உக்கார வச்சார். 1988ல சௌராசியா புல்லாங்குழலோட 'நத்திங் பட் விண்ட்'. 2005ல திருவாசகம். 2025 மார்ச் 8ம் தேதி லண்டன்ல முழு சிம்ஃபனி. நாம "அந்த ராஜா"ன்னு சொல்றது இதுல எந்த ராஜாவை?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மாற்றத்தைத் தாங்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்ம கேசட்டை எடுத்துக்கோங்க. 'ஏ' பக்கத்துல ஒரு தாலாட்டு, ஒரு டிஸ்கோ, ஒரு சோகம். 'பி' பக்கத்துல ஒரு சுத்தக் கர்நாடகம், ஒரு குத்து. அஞ்சு பாட்டுக்கு அஞ்சு ஊர். யாராவது துரோகம்னு கத்தினோமா? இல்லை. ஏன்னா படத்துல சிச்சுவேஷன் அப்படி. கதாநாயகி கோயிலுக்குப் போனா கர்நாடகம், வில்லன் கிளப்புக்குப் போனா டிஸ்கோ. மாறினதுக்கான பழியைப் படம் ஏத்துக்கும், இசையமைப்பாளர் மேல விழாது. ஒரு பாண்டுக்கு அந்த வசதி கிடையாது. "ஏன் மாறினே?"ன்னு கேட்டா காட்டுறதுக்கு டைரக்டர் இல்லை. எனக்கு வேணும்னு தோணுச்சு, மாறினேன்னுதான் சொல்லணும். அந்தப் பதில்தான் நம்மளைக் கோவப்படுத்துதுன்னு நினைக்கிறேன். சிச்சுவேஷன் இல்லாம ஒருத்தர் மாறினா நமக்குப் பிடிக்கிறதில்லை.

அந்தப் பொண்ணுகிட்டயும் எல்லாரும் கேட்டது அதைத்தான். யார் சொல்லிக்கொடுத்தா, எந்தக் கூட்டாளி, எந்தப் பெடியன். அவ சொன்ன பதில், "ஒருத்தரும் இல்லை, எனக்கு விருப்பமா இருக்கு." அதை அந்த வீட்டுல ஒரு பதிலாவே யாரும் எடுத்துக்கலை.

ரெண்டு வாரம் முன்னாடி அவகிட்ட உல்வர் பத்திச் சொன்னேன். பெரிய அறிவுரை ஆசாமி மாதிரி, 1995, 1998, 2000ன்னு வரிசையா. பொறுமையா கேட்டுட்டு, "அண்ணா, இது அப்பா வயசு பாண்ட்"னு சொல்லிட்டா. அத்தோட நான் அடங்கிட்டேன். பிறகு அவ செஞ்சதை எனக்குப் போட்டுக் காட்டினா. ரூஸ் இரைச்சல் இல்லை. மெதுவான ஒண்ணு. அடியில ஒரு ஸ்ருதி நிக்குது, மேல நீளமா ஒரே ஒரு குரல் மாதிரி சத்தம். நான் கவனிச்சது அவ இடது கையை. அந்தக் குட்டி கீபோர்டு ஓரத்துல ஸ்வரத்தை வளைக்க ஒரு சக்கரம் இருக்கும், பிட்ச் வீல்னு சொல்வாங்க. அதை விரல் நுனியில பிடிச்சு, லேசா உருட்டி, தாண்டவிட்டு, திரும்ப வந்து, நடுங்கவிட்டு நிறுத்துறா. பதினொரு வருஷமா வயலின் தந்தி மேல அந்த விரல் செஞ்ச வேலை. எனக்கு ராகமெல்லாம் பிடிபடாது. ஆனா அது கமகம்னு சொல்ல ராகம் தெரியணும்னு இல்லை.

இதை அண்ணைகிட்ட சொன்னேன். சொல்லும்போது உல்வரையும் இழுத்தேன், ராஜாவையும் இழுத்தேன். குரல் அடுக்குறதைக் காட்டுல கத்துக்கிட்டவன் நகரத்துக்கு வந்தப்போ அதைத் தூக்கிப் போடலை அண்ணை, அதோட மேலதான் கட்டினான், வீணாப் போறதுன்னு ஒண்ணு இதுல இல்லைன்னு சொன்னேன். கேட்டுட்டு அவர் சொன்னார்: "தம்பி, நீர் சொல்லுறது சரியா இருக்கும். ஆனா நான் கேக்க நினைச்சது எல்லாருக்கும் முன்னால அவள் வாசிக்கிறதை. அதை இனி நான் எப்ப கேக்கிறது?"

எனக்குப் பதில் வரலை. உண்மையைச் சொன்னா இந்தப் பதிவே அதுக்கு அப்புறம்தான் எழுத ஆரம்பிச்சேன். மாறுறவங்க பக்கம் நின்னு நான் வாதாடினது முழுக்க, மாறினவங்களோட கணக்கு. பெர்க்தாத் மாதிரி இன்னொண்ணு வரும்னு 1995ல இருந்து காத்திருந்த ஒருத்தன் ஆஸ்லோவில எங்கேயாவது இருப்பான் இல்லையா? அவனை 'குறுகின மனசுக்காரன்'னு நான் சுலபமா தள்ளிட்டேன். அவன் கேட்டதும் ஒரு நியாயமான ஆசைதான். உல்வர் அவனுக்குக் கடன்படலை, அதுல எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை. அந்தப் பொண்ணும் அரங்கேற்றம் கடன்படலை. ஆனா அவர் குளிர்ல நின்ன பதினொரு வருஷத்துக்குப் பிட்ச் வீலைக் காட்டி, "இந்தாங்க, உங்க கமகம் இங்கே பத்திரமா இருக்கு"ன்னு சொல்றது, கேக்கறவருக்கு எப்படி இருக்கும்னு நான் யோசிக்கலை.

2024 ஆகஸ்ட்ல டோரே இல்விசாக்கர் இறந்துட்டார். 1998ல இருந்து அந்தக் குழுவோட ஒவ்வொரு தோல் உரிப்புலயும் பக்கத்துல இருந்தவர். அந்த வருஷக் கடைசியில லிமினல் அனிமல்ஸ் வந்தது. அதுல புதுசா எதையும் தூக்கிப் போட்டுட்டு ஓடலை. பழைய தட்டுகள்ல இருந்த ஒவ்வொண்ணும் அங்கங்க எட்டிப் பார்க்குது, சிந்த்-பாப், படத்து இசை, நீளமான மௌனம் எல்லாம். முதல்ல கேட்டப்போ "அடடா, இவங்களும் நின்னுட்டாங்களே"ன்னு ஏமாற்றமா இருந்தது. மாறலைன்னு குறை சொல்ற ரசிகனா நானும் ஆயிட்டேன் பாருங்க! இப்போ அந்தக் குறை இல்லை. நேத்து ராத்திரி கடைசி ரயில்ல அதைக் கேட்டுக்கிட்டே வந்தேன். ஃபுருசெட் தாண்டினதும் வண்டியில நான் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தா ஹால்ல லைட் எரியுது. பொண்ணு ரூம் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அண்ணை சோபாவுல டிவியைச் சத்தமில்லாம ஓடவிட்டு உக்காந்திருந்தார். "சாப்பிட்டீரோ? புட்டு இருக்கு"ன்னார். உள்ளே இருந்து அந்த மெதுவான சத்தம் வந்துக்கிட்டே இருந்தது. குறைக்கச் சொல்லலை.

பி.கு: கேக்கணும்னு யாருக்காவது தோணினா, தயவு செஞ்சு வருஷ வரிசையில ஆரம்பிக்காதீங்க, ஓடிடுவீங்க. முதல்ல ஜூலியஸ் சீஸர். பிறகு ஷாடோஸ் ஆஃப் தி சன், ராத்திரியில மட்டும். அதுக்கப்புறம் பெர்டிஷன் சிட்டி, க்வெல்ட்சாங்கர். இவ்வளவும் தாண்டி நின்னீங்கன்னா பெர்க்தாத். நாட்டென்ஸ் மாட்ரிகாலுக்கு நான் பொறுப்பில்லை, வீட்டுல மிக்ஸியைச் சரிபார்த்துட்டுக் கேளுங்க.

பி.கு 2: நடுவழியில ஆளே மாறிப்போன நம்ம ஊர்க் குழுக்கள், பாடகர்கள், மெல்லிசைக் கச்சேரிக்காரங்க யாராவது ஞாபகம் வந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. ராஜா, ரஹ்மான் தவிர. அவங்களைப் பத்தி ஆரம்பிச்சா சண்டை முடியாது, எனக்கு அடுத்த வாரம் தீசிஸ் கைடைப் பார்க்கணும்.